வங்கி இன்டர்ன்ஷிப் என்று அழைத்து அக்கவுண்ட் பிடிக்க அனுப்புகிறார்கள்: டெல்டா மாணவர்கள் கவனத்துக்கு

நான்காம் செமஸ்டர் பரீட்சை முடியும் நேரத்தில் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று டெல்டா முழுக்க மாணவர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே மாதிரிச் செய்தி வரும். பெரிய வங்கியில் இன்டர்ன்ஷிப், சான்றிதழ் உண்டு, சில இடங்களே பாக்கி. பி.காம்., பி.பி.ஏ. படிக்கிறவர்களுக்குக் கோடைப் பயிற்சி பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. எம்.பி.ஏ. படிக்கிறவர்களுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் வைவாவும் காத்திருக்கின்றன. எங்காவது ஓர் இடம் கிடைத்தால் போதும் என்ற தவிப்புதான் இவர்களுக்கு முதல்.

இதில் வங்கி பொய்யில்லை, கிளையும் பொய்யில்லை. மாணவரைச் சேர்ப்பது வங்கியா, வங்கிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சியா என்பதில்தான் ஏமாற்று இருக்கிறது. சேமிப்புக் கணக்கு, கிரெடிட் கார்டு, காப்பீடு என்று ஒவ்வொன்றுக்கும் கமிஷன் வாங்கும் விற்பனை ஏஜென்சிகள் உண்டு. தொழிலில் டிஎஸ்ஏ என்பார்கள். ஊழியருக்குச் சம்பளம் கொடுத்துச் செய்யவேண்டிய அலைச்சலை, சான்றிதழுக்காக வரும் பிள்ளைகளை வைத்துச் செலவில்லாமல் முடித்துக்கொள்கிறார்கள். முதல் நாள் கிளைக்குள் உட்காரவைத்து, மேனேஜரோடு போட்டோ எடுத்து, அடையாள அட்டை மாட்டிவிடுவார்கள். இரண்டாம் நாள் டார்கெட் வரும். வாரத்துக்கு இத்தனை கணக்கு, இத்தனை கார்டு. வீட்டில் ஆரம்பி, பிறகு சொந்தக்காரர்கள், பிறகு ஊர். கவுண்டருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைப் பயிற்சி முடியும்வரை பார்க்கவே முடியாது. கடைசியில் டார்கெட் முடியவில்லை என்று சான்றிதழை நிறுத்திவைப்பார்கள். கல்லூரியில் மார்க் போகும் என்ற பயத்தில் பிள்ளைகள் தாங்களே கைக்காசைப் போட்டுக் கணக்குத் திறந்து எண்ணிக்கையைச் சரிக்கட்டுகிறார்கள்.

மாணவரின் விடுமுறை வீணாவதோடு இது நின்றால் இவ்வளவு எழுதவேண்டியதில்லை. அவர் நம்பிக்கையோடு கூட்டிப்போன பெரியம்மாவும் பக்கத்து வீட்டுத் தாத்தாவும் படும் பாடுதான் பெரிது.

பெரும்பாலான கணக்குகள் மாணவரின் போனிலேயே, ஆதார் ஓடிபி வைத்துத் திறக்கப்படுகின்றன. நேரில் சரிபார்க்காமல் ஓடிபி மட்டும் வைத்துத் திறந்த கணக்குக்கு ரிசர்வ் வங்கி விதியில் வரம்பு இருக்கிறது. இருப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது. ஒரு நிதியாண்டின் மொத்த வரவு 2 லட்சத்தைத் தாண்டக்கூடாது. ஓராண்டுக்குள் முழு கேஒய்சி, அதாவது வாடிக்கையாளரின் முழு அடையாளச் சரிபார்ப்பு, முடிக்கவேண்டும். அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் இந்தக் கணக்குக்கு வருகிறது என்று வையுங்கள். இரண்டு மூன்று ஏக்கர் சம்பா போட்டவருக்கே வரம்பு நெருங்கிவிடும். கணக்கு முடங்கியபின் கிளைக்குப் போனால், "உங்கள் கணக்கு நேரில் திறந்ததில்லையே" என்பார்கள். திறந்த பிள்ளை அதற்குள் ஆறாம் செமஸ்டரில் இருக்கும்.

இதைவிட மோசமானது ஆதார் இணைப்பு. விண்ணப்பத்தில், அரசு உதவித்தொகையை இந்தக் கணக்கில் பெற ஒப்புதல் தருகிறேன் என்று ஒரு வரி இருக்கும். சட்டென்று டிக் போட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள். ஆதார் வழியாக வரும் பணம், வங்கிகளுக்கிடையே பணம் போகும் அமைப்பை நடத்தும் தேசிய கொடுப்பனவுக் கழகத்தின் (என்பிசிஐ) பதிவில் கடைசியாக எந்த வங்கி இணைந்திருக்கிறதோ அந்த வங்கிக்குத்தான் போகும். பிஎம் கிசான் தவணை, நூறு நாள் வேலைக் கூலி, கேஸ் மானியம் எல்லாம் பழைய பாஸ்புக்கை விட்டுப் புதுக் கணக்குக்கு மாறுவது இப்படித்தான். வயதானவர் பழைய வங்கிக்கு நடையாய் நடப்பார். பணம் வரவில்லை என்றே பதில் வரும். வந்த இடத்திலோ குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடித்திருப்பார்கள்.

இப்படி நடந்திருந்தால் மைஆதார் தளத்தில் உள்நுழைந்து வங்கி இணைப்பு நிலையைப் பாருங்கள். எந்த வங்கி என்று பெயரோடு காட்டும். பிறகு பழைய வங்கியில் ஆதார் இணைப்புப் படிவம் கொடுத்தால் பதிவு திரும்ப மாறும். அபராதத்தைப் பொறுத்தவரை, முதலில் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அல்லது கடிதம் வழியே தெரிவித்து, இருப்பைச் சரிசெய்ய ஒரு மாதமாவது கொடுக்கவேண்டும். அபராதத்தால் மட்டும் இருப்பு மைனஸுக்குப் போகக்கூடாது. இரண்டும் ரிசர்வ் வங்கி 2014-இலேயே சொன்னவை. மைனஸ் காட்டினால் எழுத்தில் புகார் கொடுங்கள். கணக்கு வேண்டும், இருப்பு வைக்க முடியாது என்பவர்கள் அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித்தரக் கேட்கலாம். அதற்குக் குறைந்தபட்ச இருப்பே கிடையாது.

பாட்டியிடம் போன் இல்லையென்றால் மாணவர் தன் நம்பரைக் கொடுத்துவிடுகிறார். இதை மட்டும் தயவுசெய்து எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். அந்தக் கணக்கின் ஓடிபி, எச்சரிக்கைச் செய்தி எல்லாம் உங்களுக்கு வரும். நாளை அதில் பணம் குறைந்தாலோ, யாரோ மோசடிப் பணத்தைச் சுற்றிவிட்டாலோ போலீஸ் முதலில் கூப்பிடுவது உங்கள் நம்பரைத்தான். ஆதார் நகல்களை உங்கள் போனில் படம் எடுத்து ஏஜென்சியின் குரூப்பில் போடுவதும் இதே அளவு ஆபத்து. அந்த குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

காப்பீடு விஷயத்தில் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். வங்கி வழியாகக் காப்பீடு விற்பவர் அதற்கான பயிற்சியும் தேர்வும் முடித்துச் சான்று பெற்றிருக்கவேண்டும். இன்டர்ன் விற்க முடியாது. அதனால் உங்களைப் பேசவைத்து, படிவத்தில் வேறொருவர் பெயர் போடுவார்கள். டெபாசிட் போட வந்தவருக்கு, ஆண்டுதோறும் பிரீமியம் கட்டவேண்டிய பாலிசியை "ஃபிக்சட் டெபாசிட் மாதிரிதான் மாமா, அஞ்சு வருஷத்துல டபுள்" என்று சொந்த ஊர்ப் பிள்ளையின் வாயால் சொல்லவைக்கிறார்கள். இரண்டாம் ஆண்டு பிரீமியம் கட்டாமல் விட்டால் கட்டிய பணத்தில் பெரும்பகுதி போகலாம். அப்படி யாராவது எடுத்திருந்தால், பாலிசி கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் பரிசீலனைக் காலம் உண்டு. முன்பு 15 நாளாக இருந்ததை 2024-இல் 30 ஆக்கினார்கள். அதற்குள் ரத்துக் கடிதம் கொடுத்து முத்திரையோடு ரசீது வாங்கினால், சிறு பிடித்தங்கள் போகப் பணம் திரும்ப வரும்.

கிரெடிட் கார்டு அந்த அளவு சிக்கலில்லை. வேண்டாம் என்று எழுத்தில் கேட்டால், பாக்கி எதுவும் இல்லாதபட்சத்தில் 7 வேலை நாளுக்குள் மூடவேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தரவேண்டும் என்பது 2022 விதி.

சேரும் முன்பே இதைக் கண்டுகொள்ள முடியும். ஆஃபர் லெட்டரின் தலைப்பில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, கையெழுத்துப் போட்டவர் யாருடைய ஊழியர் என்று பாருங்கள். வங்கியின் சின்னம் பெரிதாகவும் ஏஜென்சியின் பெயர் கீழே பொடி எழுத்திலும் இருந்தால் நீங்கள் வங்கியின் இன்டர்ன் இல்லை. மின்னஞ்சல் முகவரியை வலது பக்கக் கடைசியிலிருந்து படியுங்கள். இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் தங்கள் இணைய முகவரியை 'டாட் பேங்க் டாட் இன்' என்ற முடிவுக்கு மாற்றவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. அந்தப் பெயரை வங்கிகள் மட்டுமே வாங்க முடியும். ஜிமெயிலிலிருந்தோ, வங்கிப் பெயரோடு 'கேரியர்ஸ்' சேர்த்து 'டாட் காம்' என்று முடியும் முகவரியிலிருந்தோ கடிதம் வந்தால் கிளைக்கு நேரில் போய்க் கேளுங்கள். கிளை மேனேஜர் தலையாட்டினால் மட்டும் போதாது. வட்டார அலுவலகத்தின் மனிதவளப் பிரிவிலிருந்து அனுமதிக் கடிதம் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். கடிதத்தில் உங்கள் பெயர், கிளை, தொடக்க நாள், முடிவு நாள், உங்களுக்குப் பொறுப்பான அதிகாரி, உதவித்தொகை உண்டா இல்லையா என்பது எல்லாம் இருக்கவேண்டும். டார்கெட் உண்டா, என் போனில் ஆப் ஏற்றவேண்டுமா என்ற இரண்டு கேள்விகளையும் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். இழுத்தடித்தாலே விஷயம் புரிந்துவிடும்.

வங்கியே சம்பந்தப்படாத சுத்தமான மோசடி வேறு. பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், சீருடைக் காசு என்று கேட்பார்கள். இல்லையென்றால் ஸ்டைபண்ட் போட என்று புதுக் கணக்குத் திறக்கவைத்து, ஏடிஎம் கார்டையும் சிம்மையும் வாங்கிக்கொள்வார்கள். கார்டு கைமாறினால் உங்கள் கணக்கு மோசடிப் பணம் போகும் வழியாகிவிடும், வழக்கு உங்கள் பெயரில் வரும். பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்யுங்கள். யூபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், நேரம், தொகை, பணம் பெற்றவரின் யூபிஐ முகவரி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன் நிறுத்தினால்தான் மீட்க வழியுண்டு.

காசு வரும் பயிற்சிகளும் இருக்கின்றன. 1961 பயிற்சியாளர் சட்டத்தின்படி வங்கிகள் எடுக்கும் அப்ரெண்டிஸ் பயிற்சி ஓராண்டு. பாரத ஸ்டேட் வங்கியின் 2023 அறிவிப்பில் மாதம் 15,000 ரூபாய் என்று இருந்தது. பயிற்சி முடிந்ததும் வேலை உறுதி என்று யாரும் சொல்லவில்லை, யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் என்று வைத்தார்கள், விண்ணப்பக் கட்டணம் இல்லை. அப்ரெண்டிஸ் உதவித்தொகையில் அரசின் பங்கு ஆதார் இணைந்த கணக்கில் நேரடியாக வரவு வைக்கப்படுவது. அதனால் டார்கெட்டுக்காக உங்கள் ஆதாரையே வேறு கணக்கில் இணைத்துவிட்டிருந்தால், அதை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள்.

கிளையில் கற்கவேண்டியது ஏராளம். டெல்டாக் கிளை என்றால் கிசான் கிரெடிட் கார்டுக் கோப்பு ஒன்றை ஆரம்பம் முதல் கடைசிவரை பார்க்கக் கேளுங்கள்: சிட்டா, அடங்கல் எதற்கு, ஏக்கருக்கு இவ்வளவு என்ற கடன் அளவை மாவட்ட அளவில் யார் முடிவு செய்கிறார்கள், உரிய தேதியில் கட்டினால் வட்டி 7 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக எப்படிக் குறைகிறது. நகைக்கடனில் மதிப்பீட்டாளர் கல்லையும் அழுக்கையும் கழித்து நிகர எடை எப்படிப் போடுகிறார் என்பதை ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தாலே ரிப்போர்ட்டில் ஓர் அத்தியாயம் எழுதலாம். ஊழியரின் லாக்-இன்னில் உட்காரச் சொன்னால் மட்டும் உட்காராதீர்கள். பாஸ்வேர்டு பகிர்வது அவருக்கும் தப்பு, நடந்த பதிவுகளுக்கு நீங்களும் பதில் சொல்லவேண்டி வரும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், சான்றிதழை நிறுத்தினால் கிளையில் கெஞ்சிக்கொண்டிருக்காமல் துறைத்தலைவர் கையெழுத்தோடு வட்டார அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்புங்கள். ஆஃபர் லெட்டர், வருகைப் பதிவின் படம், டார்கெட் கேட்ட வாட்ஸ்அப் செய்திகள் மூன்றையும் இணையுங்கள். தங்கள் பெயரில் ஏஜென்சி செய்வது எழுத்தில் வந்துவிட்டால் வட்டார அலுவலகம் அதைச் சும்மா விட முடியாது. ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் மாணவராகப் போக முடியாது. வேலை, சம்பளம் தொடர்பான தகராறுகள் அங்கே எடுபடாது. ஆனால் நீங்கள் கணக்குத் திறந்துகொடுத்த பெரியம்மா வாடிக்கையாளர். அவர் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். அவருக்கு அந்தப் புகாரை எழுதிக்கொடுக்க நீங்கள் கூட இருங்கள்.