உணவகச் சுவரில் கடல்: படங்கள் அபாரம், வெளிச்சம்தான் சறுக்கல்

உணவகத்தில் படம் மாட்டுவது பெரும்பாலும் அலங்காரத்துக்குத்தான். கண்காட்சி என்று அறிவித்துவிட்டால் கணக்கு வேறு. இந்த உணவகத்தில் இருக்கும் இருபத்துச் சொச்சம் கடல் புகைப்படங்களில் பாதிக்கு மேல் நல்ல கேலரியில் இருக்க வேண்டியவை. அவற்றை முழுசாகப் பார்க்கவிடாமல் செய்வது மேசை விளக்குகளும், சமையலறையை ஒட்டிய ஒரு சுவரும்தான். சாப்பாட்டைப் பற்றி இங்கே பேச்சில்லை.

இடப்பக்கச் சுவரில் தொடங்குங்கள். அங்கிருக்கும் நான்கு படங்களிலும் ஒரே பாறைதான், ஷட்டர் வேகம், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம், மட்டும் மாறுகிறது. ஒவ்வொன்றின் கீழும் அந்த வேகத்தை அச்சிட்டு ஒட்டியிருப்பது நல்ல காரியம். 1/2000 விநாடிப் படத்தில், மோதித் தெறித்த நீர் துளித்துளியாக அந்தரத்தில் நிற்கிறது. 1/15-க்கு வந்ததும் துளிகள் இழுபட்டு, அலையின் முகடு மட்டும் லேசாகக் கலைகிறது. அரை விநாடிப் படத்தில், பின்வாங்கும் அலை பாறையைச் சுற்றி வெள்ளைக் கோடுகளாக வழிகிறது. 30 விநாடியில் அலையே இல்லை, பாறையின் காலடியில் பனிமூட்டம் மாதிரி ஒரு வெண்மைதான் மிச்சம்.

நான்கில் சிறந்தது அரை விநாடிப் படம். எடுப்பதற்கு மிகக் கஷ்டமானதும் அதுதான். அலை ஏறிவரும்போது அழுத்தினால் நுரை முழுவதும் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். ஏறி நின்று திரும்பத் தொடங்கும் கணத்தில் அழுத்தினால்தான் கோடுகள் பிரிந்து விழும். கிட்டப் போய்ப் பாருங்கள்: நுரையின் மிக வெளுத்த இடத்திலும் குமிழிகளின் விளிம்பு தெரிகிறது, ஹைலைட் (மிக வெளிச்சமான பகுதி) எங்கும் விவரம் இழந்து வெந்துபோகவில்லை. கருத்த பாறையை நம்பி கேமரா சொன்ன அளவுக்கே ஒளியை உள்ளே விட்டு எக்ஸ்போஸ் செய்திருந்தால் நுரையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

30 விநாடிப் படத்தைப் பலர் சுலபம் என்று நினைப்பார்கள். பகல் வெளிச்சத்தில் அதற்கு 10 ஸ்டாப் என்டி ஃபில்டர், அதாவது லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கருங்கண்ணாடி, வேண்டும். அது வெளிச்சத்தை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும், அதாவது 1/30 விநாடி 30 விநாடியாக நீளும். அந்த நேரத்தில் ஒரு அலை ட்ரைபாடின் காலடி மணலை அரித்தாலே போதும், கேமரா ஒரு நூலளவு இறங்கி மொத்தப் படமும் மங்கிவிடும். இதில் பாறை விரிசல்கள்கூடக் கத்தியாக இருப்பதைப் பார்த்தால், படமெடுத்தவர் ட்ரைபாடைக் கெட்டியான இடத்தில் ஊன்றியிருக்கிறார் என்று தெரிகிறது.

சறுக்கிய படங்களும் உண்டு. நடுச் சுவரில் இருக்கும் 36 அங்குல அகலப் படத்தில் அடிவானம் சாய்ந்திருக்கிறது. சாய்வு ஒரு டிகிரிதான் இருக்கும். ஆனால் அந்த அகலத்துக்கு அது ஒரு முனையிலிருந்து மறு முனைக்குள் அரை அங்குலத்துக்கும் அதிகமான இறக்கம். ஃப்ரேம் கோணலாகத் தொங்குகிறதோ என்று சந்தேகம் வந்தால், ஃப்ரேமின் கீழ்விளிம்பையும் அடிவானத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் இணையாக இருந்தால் ஆணியின் குற்றம், இல்லையென்றால் படத்தின் குற்றம். இங்கே படம்தான்.

இன்னொன்று, வானத்தையும் கடலையும் தனித்தனி எக்ஸ்போஷரில் எடுத்துச் சேர்த்தது. அதில் தப்பொன்றும் இல்லை. 1850களிலேயே பிரெஞ்சுப் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ க்ரே இரண்டு நெகட்டிவ்களைச் சேர்த்துக் கடல் படங்கள் செய்தார். அன்றைய புகைப்படத் தகடுகள் நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கியதால், கடலுக்குச் சரியாக எடுத்தால் வானம் வெளுத்துப்போகும். ஆனால் இந்தப் படத்தில் மேகத்துக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்தும், அலை முகட்டுக்கு வலப்பக்கமிருந்தும் விழுகிறது. ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் படத்தில் வேறெதுவும் தெரியாது.

இனி உணவகத்தின் பங்கு. மேசைகளுக்கு மேலே தொங்குபவை 2700 கெல்வின் போன்ற மஞ்சள் விளக்குகள் (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறைந்தால் மஞ்சள் கூடும்). சாப்பிடுகிற முகங்களுக்கு அழகு, கடலின் நீலத்துக்கு எமன். ஆழ்கடல் நீலம் பழுப்பேறிய பச்சையாகத் தெரிகிறது. படங்களுக்கென்று தனியாக 3500 முதல் 4000 கெல்வினில், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற மதிப்பெண்) 90-க்கு மேலுள்ள ஸ்பாட் லைட்டுகளைக் கூரையிலிருந்து, நேர் கீழ்நோக்கிய கோட்டுக்குச் சுமார் 30 டிகிரி சாய்வில் விட்டால் நீலம் திரும்பி வரும். கண்ணாடிப் பிரதிபலிப்பு இதைவிட மோசம். சாதாரணக் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பியனுப்பும். வெளிர் படத்தில் அது உறைக்காது. இரவுக்கடல் படங்களிலோ நமக்குப் பின்னால் இருக்கும் மேசையே தெரிகிறது. பிரதிபலிப்புத் தடுப்புக் கண்ணாடிக்குச் செலவு அதிகம் என்றால், கருத்த படங்களை விளக்கும் ஜன்னலும் எதிரில் இல்லாத சுவருக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

உயரத்தையும் யோசிக்கவில்லை. படத்தின் மையம் தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலம் என்பது நின்று பார்ப்பவர்களுக்கான கணக்கு. உட்கார்ந்தவர்களின் கண் ஒரு அடி கீழே இருக்கும். இருக்கைப் பகுதியில் 50 அங்குலத்துக்கு இறக்கலாம், நாற்காலி முதுகு ஃப்ரேமில் இடிக்காத அளவுக்கு.

உடனே கவனிக்க வேண்டியது சமையலறைக் கதவை ஒட்டிய மூன்று படங்கள். பேப்பர் அலையலையாக நெளிந்திருக்கிறது, ஒன்றில் மேல்மூலை கண்ணாடியைத் தொட்டேவிட்டது. நீராவிதான் காரணம், ஆனால் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டியிருந்தாலும் இப்படித்தான் ஆகும். ஈரத்தில் விரியும் பேப்பருக்குப் போக இடம் வேண்டும். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு ஒட்டுப் பட்டைகள் போட்டுத் தொங்கவிட வேண்டும், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி விட மவுண்ட் போர்டு என்ற தடித்த அட்டை கொடுக்க வேண்டும், ஃப்ரேமின் பின்பக்கத்தை டேப்பால் அடைக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய பேப்பரைப் பிய்த்தால் மை அங்கேயே நின்றுவிடும், அந்தப் படம் போனதுதான். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில்தான் தெளிக்க வேண்டும். கண்ணாடியில் தெளித்தால் அது வழிந்து விளிம்பு வழியாக உள்ளே இறங்கும்.

போகிறவர்கள் இரண்டு சாப்பாட்டு வேளைகளுக்கு இடையில், மேசைகள் காலியாக இருக்கும் நேரத்தில் போங்கள். இடப்பக்கச் சுவரைப் பார்க்க நாலைந்து அடி தள்ளி நிற்க வேண்டும், கூட்ட நேரத்தில் அங்கே யாராவது உட்கார்ந்திருப்பார்கள். பிரிண்ட் வாங்கும் எண்ணம் இருந்தால், படத்தைக் கழற்றி ஜன்னலோரம் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். அதே பேப்பரில், அதே அளவில் தருவார்களா என்பதையும் ஆர்டருக்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.