திருமலை வீதி மொழிபெயர்ப்பு அலுவலகம்: சான்றிதழுக்குப் போகலாம், கடிதத்துக்கு வேண்டாம்

கனடாவிலிருக்கும் கணவர் அனுசரணையளித்த (ஸ்பொன்சர் செய்த) என் தங்கையின் நிரந்தர வதிவிட விண்ணப்பத்துக்காக, மட்டக்களப்பு திருமலை வீதியில் மாடியில் இயங்கும் ஒரு சிறிய மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு ஐந்து தடவைகள் சென்று வந்தேன். குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

நான் ஆங்கில ஆசிரியர் என்பதால் பிறப்புச் சான்றிதழை வீட்டிலேயே மொழிபெயர்த்துக் கொண்டு போயிருந்தேன். அங்கிருந்த சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஐயா அதை மரியாதையாக ஒரு பக்கம் வைத்துவிட்டு, விண்ணப்பதாரரின் குடும்பத்தவர் செய்த மொழிபெயர்ப்பைக் கனடா ஏற்காது என்றார். பிறகு அடிமட்டத்தை வரிக்கு வரி நகர்த்தி வாசித்தார். பின்புறத்து முத்திரையிலிருந்த எழுத்துகளையும் விடவில்லை. அப்பாவின் பெயரில் வரும் 'பிள்ளை'யை ஆங்கிலத்தில் எழுதும்போது கடவுச்சீட்டில் ஒரு P எழுத்தும் விவாகச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதியில் இரண்டு P எழுத்தும் இருந்ததைப் பிடித்தவர் அவர்தான். இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடிக்கவும், நம்மவர்கள் தகப்பன் பெயரையே குடும்பப் பெயராக எழுதுவதால்தான் கணவன் மனைவிக்குப் பொதுவான குடும்பப் பெயர் இல்லை என்று ஒரு பக்க விளக்கம் இணைக்கவும் சொன்னார். இந்த ஒரு வேலைக்கே கொடுத்த காசு தகும்.

உறவை விளக்கும் கடிதம் வேறு கதை. அதை அடுத்த மேசையில் கணினியில் இருப்பவர் எழுதுகிறார். தங்கையினுடையது பெரியோர் பேசி முடித்த கலியாணம். அவர் தந்த கடிதத்திலோ இருவரும் கோயில் திருவிழாவில் சந்தித்துக் காதலித்ததாக இருந்தது. இன்னொருவரின் கடிதத்தில் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறார் என்பது, இரண்டாம் பக்கத்தில் அந்நியப் பெண்ணொருத்தியின் பெயர் எஞ்சியிருந்ததில் தெரிந்தது. திருமணம் உண்மையானதா என்பதையே முதலில் எடைபோடும் அதிகாரியிடம் இது போயிருந்தால் என்னவாகியிருக்கும்! தங்கையே உட்கார்ந்து, பெண் பார்க்க வந்த நாளிலிருந்து நாலு பக்கம் எழுதினாள்.

விண்ணப்பம் முழுவதையும் தாங்களே 'பார்த்துக்கொள்வதாக' அதே மேசையிலிருந்து ஒரு தனிக் கட்டணமும் சொன்னார்கள். கூலிக்குப் பிரதிநிதியாக நிற்பதற்குக் கனடாவின் சட்டத்தரணியாகவோ, கியூபெக் நொத்தாரிசாகவோ, அங்குள்ள குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் அனுமதி பெற்றவராகவோ இருக்க வேண்டும். பிரதிநிதியின் பெயரை 5476ஆம் இலக்கப் படிவத்தில் அறிவிக்கவும் வேண்டும். அந்தப் படிவத்தில் கையெழுத்திடுவீர்களா என்று கேட்டதும் பேச்சு மாறிவிட்டது.

பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) கிடைத்தால் எல்லாம் முடிந்தது என்றும் அங்கே சொல்லப்பட்டது. அதைத் தக்கவைக்க ஐந்து வருடத்துக்குள் 730 நாட்கள் கனடாவில் வசித்திருக்க வேண்டும் என்பதையும், மைத்துனரின் அனுசரணைப் பொறுப்பு மூன்று வருடம் நீடிக்கும் என்பதையும் நாங்களாகத்தான் தேடி அறிந்தோம்.

ஐயா காலையில் மட்டுமே வருவார். மூலப் பிரதிகளைக் கொடுத்துவிட்டு வராமல், பக்கத்திலிருந்தே மொழிபெயர்ப்பைச் சரிபார்த்து வாங்குங்கள். அவர் அதை விரும்பவே செய்கிறார்.