மெசலமைன்: மாத்திரையா, எனிமாவா?

எனக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உள்சவ்வில் அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் நோய், வந்து மூன்று வருடமாகிறது. அழற்சியைக் குறைக்கும் மெசலமைன் மருந்தை மாத்திரையாகவும், எனிமாவாகவும் (ஆசனவாய் வழியே செலுத்தும் திரவமாகவும்) எடுக்கச் சொல்லி முதல் மாதமே எழுதிக் கொடுத்தார்கள். கூச்சத்தில் ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். அந்த ஒரு வருடமும் ரத்தம் நிற்கவே இல்லை.

மாத்திரையின் வசதி தெரிந்ததுதான். விழுங்கினால் வேலை முடிந்தது, வெளியூரிலும் தொந்தரவில்லை.

ஆனால் இந்த மருந்து ரத்தத்தில் கலந்து பெரிதாக வேலை செய்வதில்லை. குடலின் உள்சவ்வில் நேராகப் பட வேண்டும். அந்தச் சவ்வின் மேல்பரப்பு ஒரே ஒரு செல் வரிசை, அதன்மேல் சளிப்பூச்சு. அது சிதைந்தால் குடலுக்குள் இருக்கும் கிருமிகள் உள்ளே நுழைகின்றன, எதிர்ப்புச் செல்கள் திரள்கின்றன, புண் ஆழமாகிறது. இந்த நோய் மலக்குடலில் தொடங்கி மேலே ஏறுவது. மாத்திரையோ மேலிருந்து கீழே வருகிறது. மலக்குடலைத் தொடும்போது மருந்து குறைந்துவிடுகிறது, பேதி இருந்தால் அதுவும் நிற்காமல் ஓடிவிடுகிறது. எனிமா முதலில் தொடுவதே மலக்குடலைத்தான். அங்கிருந்து மண்ணீரல் பக்க வளைவு வரை, அதாவது பெருங்குடல் இடது மேல்வயிற்றில் திரும்பும் இடம் வரை ஏறும். இந்த நோய்க்கான பழைய மருந்தான சல்பாசலசினுக்குள் வேலை செய்யும் பகுதி மெசலமைன்தான் என்பதை 1977-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆசாத் கான், ட்ரூலவ் என்ற மருத்துவர்கள் காட்டியதும் எனிமாவாகக் கொடுத்துப் பார்த்துத்தான்.

போடுவது பழகும்வரை சிரமம். 60 மில்லி பாட்டிலைக் குலுக்கி, இடதுபக்கம் சாய்ந்து, வலது முழங்காலை மடக்கி, மெதுவாக அழுத்த வேண்டும். ஜில்லென்று போனால் குடல் உடனே வெளியே தள்ளிவிடும். முதல் வாரம் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்துவிட்டுப் போட்ட பிறகுதான் விடியும்வரை நின்றது.

மூன்றாவது வாரம் ரத்தம் நின்றது. ஆறு மாதம் கழித்துக் கொலனாஸ்கோப்பி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை. முன்பு கருவி பட்டாலே ரத்தம் கசிந்த இடத்தில், மெல்லிய ரத்தநாளங்கள் இலை நரம்புபோலத் தெளிவாகத் தெரிந்தன. திரையில் அதைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

எனக்கு இடதுபக்கக் குடலில் மட்டும்தான் நோய். பெருங்குடல் முழுக்க இருப்பவர்களுக்கு எனிமா எட்டாத பகுதிக்கு மாத்திரை கட்டாயம் வேண்டும். கிரோன் நோய் என்ற இன்னொரு குடல் அழற்சி நோய் குடல்சுவர் முழுவதையும் துளைத்துப்போகக்கூடியது, அதற்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் மலக்குடலில் மட்டும் இருந்தால் சப்போசிட்டரி (ஆசனவாயில் வைக்கும் மருந்துக் குளிகை) போதும் என்பார்கள். நான் அதை நான்கு நாள்தான் வைத்துப் பார்த்தேன்.

மாத்திரையை நிறுத்தவில்லை. டாக்டர் சொன்னபடி எனிமாவை மட்டும் வாரம் மூன்று இரவாகக் குறைத்திருக்கிறேன். அந்த நாட்களில் பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன்.