பழைய ட்ரெயில் பைக் வைத்திருப்பவர்களுக்கு எச்சரிக்கை: 285,000 ரூபா வாங்கிக்கொண்டு பழைய பிஸ்டனையே திருப்பிப் போட்டார்கள்

கரடுமுரடான பாதைகளிலும் ஓடக்கூடிய பழைய டூ ஸ்ட்ரோக் ட்ரெயில் பைக்குகளைப் புத்தம் புதிதாக்கித் தருவதாகச் சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்துவரும், கொழும்பின் புறநகர் ஒன்றில் இயங்கும் ஒரு பட்டறையில் எனது 285,000 ரூபா போயிற்று. பெயரை வெளியிட்டால் வழக்குப் போடுவோம் என்று நேற்றிரவு குரல் பதிவொன்று அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே பெயரை எழுதவில்லை. அவர்கள் செய்த வேலையை எழுதுவதற்கு யாருடைய அனுமதியும் எனக்குத் தேவையில்லை. எஞ்சினைத் திறந்து பார்த்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை என்பதால் சில இடங்களில் சொற்கள் சூடாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி யமஹா டீடி 175, 1979ஆம் ஆண்டுத் தயாரிப்பு, பெற்றோல் தாங்கிக்குக் கீழே ஒற்றை ஷொக் அப்சோபர் படுத்திருக்கும் மொனோகுரொஸ் வகை. பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் டில்கென்ஸ் என்ற பொறியியலாளரின் இந்த யோசனையை யமஹா வாங்கி, முதலில் மோட்டோகுரொஸ் பந்தய வண்டிகளிலும் பிறகு இத்தகைய ட்ரெயில் வண்டிகளிலும் பொருத்தியது. ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர் ஒருவரிடமிருந்து அதை வாங்கினேன். தேயிலை மலைகளில் ஓடித் தேய்ந்த வண்டிதான், ஆனாலும் வண்டியின் சட்டகம் நேராக இருந்தது, பதிவுப் புத்தகமும் எஞ்சின் இலக்கமும் ஒத்துப்போயின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இந்த நாட்டில் எக்ஸ்எல், டீடி, டீஎஸ் போன்ற பழைய ட்ரெயில் பைக்குகளின் விலை எங்கே போய் நின்றது என்பதை இதைப் படிக்கிறவர்கள் அறிவார்கள். விலை ஏறியதோடு, நேற்றுவரை ஸ்கூட்டருக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தவர்களும் ‘ரெஸ்டோரேஷன்’ பலகை மாட்டினார்கள். நான் போன இடம் அப்படிப்பட்டதாகத் தெரியவில்லை என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

அந்தப் பட்டறை முதலாளியை நம்பிய நேரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்து வருகிறவரிடமும் அவர் அதையேதான் செய்வார். விலையைப் பற்றி அவர் ஆரம்பத்தில் பேசவே இல்லை. பட்டறை மேசையில் இரண்டு வீ கட்டைகளின் மேல் வேறொரு வண்டியின் கிராங்கை, அதாவது பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டை வைத்து, டயல் கேஜின் முனையை அதன் மேல் தொடவிட்டு, கையால் மெதுவாகச் சுழற்றி, முள் எவ்வளவு ஆடுகிறது என்று என்னைப் பார்க்கச் சொன்னார். “நூறில மூணுக்கு மேல ஆடினா நான் பூட்டவே மாட்டேன் தம்பி” என்றார். அது சரியான அளவு. மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு என்பது யமஹாவின் கையேடுகளிலேயே காணப்படும் எல்லை. சிலிண்டரைப் போர் அடித்த பிறகு, அதாவது உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கிய பிறகு, அந்தச் சுவரிலுள்ள துவாரங்களின் விளிம்பை மழுக்காவிட்டால் பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடையும் என்பதையும், நான் கேட்காமலே அவராகச் சொன்னார். தொழில் தெரியாத ஏமாற்றுக்காரனை அடையாளம் காண்பது எளிது. இவர் தொழில் தெரிந்தவர், அதுதான் ஆபத்து.

பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்தார். பழைய யமஹா உதிரிப்பாகப் பெட்டி, மூலையில் நீல மை கசிந்து காய்ந்த கறை. உள்ளே எண்ணெய்த் தாளில் சுற்றிய பிஸ்டன், தலையில் புகை வெளியேறும் பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி, அதனருகே 50 என்ற முத்திரை, அதாவது மூல அளவைவிட அரை மில்லிமீட்டர் பெரியது. இந்த எஞ்சினின் மூல அளவு 66 மில்லிமீட்டர், தேயத் தேயக் கால் மில்லிமீட்டராகப் போர் அடித்துப் பெரிய பிஸ்டன் போட்டுக்கொண்டே 67 வரை போகலாம். எனது வண்டியில் ஏற்கனவே முதற்படியான 25 இருந்தது, ஆகவே அடுத்தது 50. சரியான பொருள் சரியான நேரத்தில் எதிரே இருக்கிறது. அதை என் உள்ளங்கையில் வைத்து, “இது இலங்கையில இனிக் கிடைக்காது, உங்களுக்காகத்தான் வச்சிருந்தேன்” என்றார். அங்கேயே நின்றபடி கைபேசியில் முழுத் தொகையையும் அனுப்பினேன். எஞ்சினுக்கு 165,000, வர்ணமும் குரோமும் 80,000, பின் ஷொக்குக்கு 40,000, ஆக மொத்தம் 285,000 ரூபா. முழுப் பணமும் வந்தால்தான் பாகங்களை ஒதுக்கி வைப்பேன் என்பது அவருடைய விதி. பற்றுச்சீட்டு கேட்டபோது, கடைப் பெயரோ பதிவு இலக்கமோ இல்லாத வெள்ளைத் தாளில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்.

வண்டி சொன்ன தவணைக்கு மிகவும் பிந்தி வந்தது. வந்தபோது அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். பழைய பாகங்களைக் கேட்டேன். எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

ஓட்டத் தொடங்கியவுடனேயே ஒரு குறை தென்பட்டது. ஆக்சிலேட்டரை முழுவதுமாக விட்ட பிறகும் எஞ்சினின் சுழற்சி உடனே இறங்காமல், சிறிது நேரம் மேலேயே தொங்கிக்கொண்டு நின்றது. டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது. இவ்வகை எஞ்சினில் கிராங்க் சுழலும் கூடான கிராங்க் கேஸே காற்றையும் பெற்றோலையும் உள்ளிழுத்து மேலே தள்ளும் பம்பாக வேலை செய்கிறது. கிராங்கின் இரு முனைகளிலும் கசிவைத் தடுக்கும் ஆயில் சீல்களில் ஒன்று தளர்ந்தாலும் அந்தப் பம்ப் கெட்டுவிடும். கியர் பக்கச் சீல் போனால் கியர் எண்ணெய் உள்ளே போய் வெள்ளைப் புகை கக்கும், ஆகவே உடனே தெரிந்துவிடும். மறுமுனையில், மின்சாரம் உண்டாக்கும் மெக்னெட்டோ பக்கச் சீல் போனால் புகை எதுவும் வராது. அளவுக்கு மீறிய காற்று உள்ளே நுழைந்து, கலவை மெலிந்து, பிஸ்டன் சூடேறிக்கொண்டே போகும். இதை விளக்கி அழைத்துக் கேட்டபோது கிடைத்த பதில், “ஐட்லிங் ஸ்க்ரூவை அரைச் சுற்று குறைச்சுப் பாருங்க தம்பி” என்பது.

ஹுன்னஸ்கிரியவிலிருந்து மீமுரே போகும் பாதையில், கோபட்ஸ் கணவாய்க்கு முந்திய ஏற்றத்தில், பின் சக்கரம் கிரீச்சென்று பூட்டிக்கொண்டது. கிளச்சை உடனே பிடித்ததால் விழவில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்திருந்தது. வண்டியைச் சிறு லொறியொன்றில் ஏற்றி இறக்கிய கூலி தனி, அதை 285,000 ரூபாவோடு நான் சேர்க்கவில்லை.

அதன் பிறகு வந்த சமாதானங்களை வரிசையாகப் படியுங்கள். முதலில், ஓட்டிப் பழக்கும் காலத்தில் நான் விரட்டியிருப்பேன் என்றார்கள். அவர்களே எழுதித்தந்த அட்டவணைப்படி ஓட்டியதைக் காட்டினேன். அடுத்ததாக, நான் ஊற்றிய டூ ஸ்ட்ரோக் எண்ணெய் போலி என்றார்கள். அந்தப் போத்தலை விற்றதே அவர்கள்தான். மூன்றாவதாக வந்ததுதான் உச்சம்: மலைநாட்டில் உயரம் அதிகம், காற்று குறைவு, அதனால் பிடித்துவிட்டது என்றார்கள். உயரத்தில் காற்று மெலியும்போது, பெற்றோலை அளந்து விடும் சிறு துளையான அதே ஜெட்டில் பெற்றோலின் பங்கு கூடுமே ஒழியக் குறையாது. கொழும்பில் ஜெட் பொருத்திய வண்டி 1,868 மீற்றர் உயரமான நுவரெலியாவுக்குப் போனால் பிளக் கறுத்து, புகைத்து, இழுவை குறைந்து திணறும். மெலிந்த கலவையால் பிஸ்டன் பிடிப்பதற்கு நேர் எதிரான நோய் அது. நூறில் மூன்றைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்த மனிதருக்கு இது தெரியாதா? தெரியும். எனக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறார்.

பிறகு அழைப்புகளை ஒரு பையன் எடுத்தான். முதலாளி பஞ்சிகாவத்தைக்குச் சாமான் எடுக்கப் போயிருக்கிறார், முதலாளிக்குக் காய்ச்சல், முதலாளியின் கைபேசி உடைந்துவிட்டது. வட்ஸ்அப்பில் நீலக் குறி மட்டும் விழும், பதில் வராது. முதலாளி வைத்தியசாலையில் இருப்பதாகச் சொன்ன அதே மாலை, அவர் ஒரு ஹொண்டா எக்ஸ்எல்லின் பக்கத்தில் நின்று சிரிக்கும் புதுக் காணொளி அவர்களுடைய பக்கத்தில் ஏறியது. கடைசியாக ஒரு சலுகை வந்தது. வண்டியை என் செலவில் கொழும்புக்குக் கொண்டுவந்தால் கூலி இலவசமாம், சாமானுக்கு மட்டும் இன்னொரு 60,000 தர வேண்டுமாம்.

எஞ்சினை மாத்தளையில் லேத் பட்டறை வைத்திருக்கும், அதிகம் பேசாத முதியவர் ஒருவரிடம் கொடுத்தேன். சிலிண்டர் தலையைக் கழற்றி, பிஸ்டனின் மேல் இருந்த கரியை மரச்சீவலால் சுரண்டினார். அம்புக்குறிக்குப் பக்கத்தில் தெரிந்த எண் 25. நான் கொடுத்த அதே பிஸ்டன், தலை மட்டும் உப்புத்தாளால் தேய்க்கப்பட்டிருந்தது. அதன் பக்கவாட்டில் விரலால் தடவச் சொன்னார். ‘பாவாடை’ எனப்படும் பிஸ்டனின் தேய்ந்த கீழ்ப்பகுதியில் முட்கள் போலச் சிறு மேடுகளை உருட்டி எழுப்பி, சிலிண்டருக்குள் இறுக்கமாக இருப்பது போலக் காட்டியிருந்தார்கள். பழைய காலத்தில் தட்டுப்பாட்டின்போது செய்த ஒப்பேற்று வேலை அது. சில நாட்கள் சத்தமில்லாமல் ஓடும், பிறகு மேடுகள் மழுங்கிவிடும். சிலிண்டர் போர் அடிக்கப்படவே இல்லை, கை ட்ரில்லில் ஹோன் எனப்படும் உரசுகல்லை மாட்டிக் கோடு போட்டிருக்கிறார்கள். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் மேல் முனையைப் பக்கவாட்டில் அசைத்தபோது கண்ணுக்கே தெரியுமளவு ஆடியது, கிராங்கைப் பிரித்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. மெக்னெட்டோ சக்கரத்தைக் கழற்றிய பிறகு கிழவர் என்னை அருகே கூப்பிட்டார். கல்லாகிப் போன பழைய சீலின் மேல் சாம்பல் நிறச் சிலிக்கோன் பசை பூசி, விரலால் இழுத்து விட்டிருந்தார்கள். விரல் ரேகைகூட அதில் பதிந்திருந்தது. பின் ஷொக்கைப் பற்றி எழுதவும் அலுப்பாக இருக்கிறது. வர்ணம் அடித்திருந்தார்கள், எண்ணெய் கசிவு அப்படியே இருந்தது.

அப்படியானால் அந்த 50 பிஸ்டன் எங்கே போயிற்று? என் அனுபவத்தைப் பழைய வண்டிக்காரர்கள் சிலரிடம் சொன்னபோது, குருணாகல் பக்கத்து நண்பர் ஒருவர் தன் கைபேசியிலிருந்து ஒரு படத்தை அனுப்பினார். எனக்கு வெகுகாலம் முன்பே அதே பட்டறையில், அவருடைய உள்ளங்கையில் வைக்கப்பட்ட பெட்டி. மூலையில் அதே நீல மைக் கறை. அந்தப் பிஸ்டன் எந்த எஞ்சினுக்குள்ளும் போகப்போவதில்லை, அது இழுப்பறையிலிருந்து வெளியே வந்து பணம் கறந்துவிட்டுத் திரும்பவும் இழுப்பறைக்குள் போகிற பிஸ்டன். 285,000 ரூபாவுக்கு நான் அதைச் சில நிமிடங்கள் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

இனிக் கவனிக்க வேண்டியவை. விரிவாக எழுதலாம் என்று தொடங்கினேன், பொறுமை இல்லை. வண்டியைக் கொடுக்கும் முன் சிலிண்டர், பிஸ்டன், கிராங்க் ஆகியவற்றில் உங்களுக்கு மட்டும் தெரிந்த இடத்தில் சிறு பஞ்ச் குறி போடுங்கள், கழற்றிய பாகங்கள் அனைத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். காட்டிய பாகத்துக்கு அங்கேயே பணம் கொடுத்து, அதைக் கையோடு வீட்டுக்கு எடுத்துப் போங்கள், பூட்டும் நாளன்று கொண்டுபோகலாம். எஞ்சினை மூடிய பிறகு, துவாரங்களை அடைத்துக் காற்றழுத்தம் ஏற்றி, கேஜின் முள் இறங்காமல் நிற்பதைக் காணொளியாகக் கேளுங்கள். சீல் மாற்றியவர்கள் இதற்குத் தயங்க மாட்டார்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மிக முக்கியமானது, நுகர்வோர் விவகார அதிகார சபையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டப்படி, முறைப்பாட்டைச் சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். காய்ச்சல், உடைந்த கைபேசி, வைத்தியசாலை என்று அவர்கள் இழுத்த இழுவை அந்தத் தவணையைத் தாண்ட வைப்பதற்காகத்தான் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். எனக்கு இன்னும் சில நாட்கள் மீதமிருக்கின்றன, கடிதம் தயார், கிழவர் எடுத்த அளவுகளும் படங்களும் கூடவே போகின்றன. குருணாகல் நண்பரின் தவணை முடிந்துவிட்டதால் அவர் மத்தியஸ்த சபைக்குப் போகிறார். நீல மைக் கறையுள்ள பெட்டியோடு எடுத்த படமோ, கடைப் பெயரில்லாத அந்த வெள்ளைத் தாளோ உங்களிடமும் இருந்தால், திகதியோடு இந்த வாரத்துக்குள் எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள், முறைப்பாட்டோடு இணைத்துவிடுகிறேன்.