பனி தாங்கும் இரு தைலமரங்கள்: சைடர் கம்மும் ஸ்னோ கம்மும்

தைலமரம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டில் நடப்பட்ட யூகலிப்டஸ் குளோபுலஸ்தான். அதுவும் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததே என்றாலும், நெடுநாள் உறைபனியை அது தாங்காது. அதே நிலப்பகுதியின் உயர்ந்த மலைகளில் பனியோடு பழகி வளரும் சைடர் கம், ஸ்னோ கம் ஆகிய இரண்டும் வேறு வகையின.

சைடர் கம் டாஸ்மேனியத் தீவுக்கே உரியது. தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர் 1844இல் இதனை விவரித்து, அத்தீவில் செடிகள் சேகரித்த ரொனால்ட் கன்னின் பெயரை இதற்கு இட்டார். ஆனால் தீவின் பழங்குடியினர் அதற்கு வெகுகாலம் முன்பே இம்மரத்தை நன்கு அறிந்திருந்தார்கள். வெயில் ஏறும் பருவத்தில் பட்டையைக் கீறி, வடியும் இனிப்புச் சாற்றை மரத்தடியில் தோண்டிய குழியில் தேக்கி, விலங்குகள் குடித்துவிடாதபடி தட்டைக்கல்லால் மூடி வைத்தார்கள். பதநீர் புளித்துக் கள்ளாவதைப் போலவே அந்தச் சாறும் தானாக நொதித்து மெல்லிய போதை தரும் பானமாகியது. அதன் பெயர் வேயலினா. இன்று இம்மரத்தின் மதிப்பு பெரும்பாலும் இலையில் இருக்கிறது. இளங்கிளைகளில் காசு போல் வட்டமாக, வெள்ளி பூசியதாகத் தோன்றும் இலைகளைப் பூக்கடைக்காரர்கள் விரும்பி வாங்குகிறார்கள். முதிர்ந்தால் இலை நீண்டுவிடுவதால், ஐரோப்பியத் தோட்டங்களில் ஆண்டுதோறும் மரத்தை அடியோடு வெட்டித் துளிர்க்க விடுகிறார்கள்.

ஸ்னோ கம் இவ்வாறு கைக்குப் பயன் தரும் மரம் அன்று. ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் கோசியஸ்கோ மலைத்தொடரில் ஏறக்குறைய 1,800 மீட்டருக்கு மேலும், மரங்களின் எல்லைக்கோடு வரை, முறுக்கிய உடலோடு நிற்கும் இதன் பட்டை மழையில் நனையும்போது சாம்பல், பச்சை, செம்மஞ்சள் எனப் பட்டை பட்டையாக ஒளிர்வதைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. மூடுபனியின் ஈரத்தை இலைகளில் பிடித்துச் சொட்டவிட்டு, ஆறுகளின் தலைநீரைக் காப்பதே இதன் பெரும்பணி. இதன் மதிப்பை விலையால் அளக்க முயல்வது தவறென்றே நான் கருதுகிறேன். காட்டுத்தீயில் தண்டு கருகினாலும் வேர்க்கழுத்திலுள்ள முண்டிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆனால் வறட்சியால் தளர்ந்த மரங்களின் பட்டைக்கடியில் துளையிடும் வண்டுப்புழுக்களை எதிர்த்து நிற்க இயலாமல் பல இடங்களில் பட்டுப்போகிறது. சைடர் கம்மும் வெப்பத்தாலும் வறட்சியாலும் நலிந்து வருகிறது. எஞ்சிய இலைகளையும் மரமேறும் போசம் என்னும் பை விலங்குகள் தின்றுவிடாதபடி அதன் அடிமரத்தில் தகடு சுற்றுகிறார்கள்.

குளிர்நாட்டில் வீட்டருகே நட எண்ணுவோருக்கு, மெதுவாக வளர்ந்து கைக்கடங்கி நிற்கும் ஸ்னோ கம்மையே நான் பரிந்துரைப்பேன்; இலை விற்பனைக்கெனில், வேகமாகத் துளிர்க்கும் சைடர் கம்முக்கு ஈடில்லை. எதை நட்டாலும், எந்த உயரத்தில் வளர்ந்த தாய்மரத்தின் விதை என்பதை நாற்று வாங்கும்போதே கேட்டறிவது அவசியம். தாழ்வான இடத்து விதையிலிருந்து வந்த கன்று முதல் கடுங்குளிரிலேயே கருகிவிடக்கூடும்.