மதராஸுக்குப் படிக்க வந்த சகுணா

எங்கள் சபை நூலகத்தில் ஒரு அலமாரி முழுக்க அமெரிக்கக் கிறிஸ்தவ நாவல்கள்தான். அட்டையில் வெள்ளைத் தொப்பி கட்டிய பெண், பின்னால் மரவீடு, கோதுமை வயல். குடியேற்றக் காலத்துப் பஞ்சம், காய்ச்சல், பிரசவத்தில் சாவு, அத்தனைக்கும் நடுவே விசுவாசத்தில் நிற்கும் பெண்கள். பணி ஓய்வுக்குப் பிறகு ஒன்று விடாமல் வாசித்தேன், பிடித்துத்தான் வாசித்தேன். ஆனால் வெள்ளைக்காரன் ஆண்ட காலம் நமக்கும் இருந்ததே! அன்றைக்கு நம் சபைகளில் இருந்த பெண் என்ன பாடு பட்டிருப்பாள்? அதைத் தேடப் போய்க் கிடைத்ததுதான் கிருபாபாய் சத்தியநாதனின் ‘சகுணா’.

மற்றவை எல்லாம் இந்தக் காலத்தவர்கள் அந்தக் காலத்தைக் கற்பனை செய்து எழுதியவை. இது அந்தக் காலத்திலேயே, அதை அனுபவித்தவளே எழுதியது. 1862-ல் அகமத்நகரில், கிறிஸ்தவத்துக்கு வந்த மராத்திப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர் கிருபாபாய். பெயர்களை மாற்றிவிட்டுத் தன் வாழ்க்கையையே நாவலாக எழுதினார். 1887, 88-ல் மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. எழுதியது ஆங்கிலத்தில். 1894-ல், 32 வயதில் இறந்துவிட்டார்.

கதை சகுணாவிடமிருந்து தொடங்கவில்லை, அவள் அம்மா ராதாவிடமிருந்து தொடங்குகிறது. என் கணக்கில் புத்தகத்தின் உயிரே அந்தப் பகுதிதான். சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம். புருஷன் ஹரிச்சந்திரா ஒருநாள் கிறிஸ்தவனாகிவிடுகிறான். சபையில் மனம் திரும்பியவர்கள் சொல்ல நாம் கேட்டு வளர்ந்த சாட்சிகளில் எல்லாம் கதை அங்கேயே ஸ்தோத்திரத்தோடு முடிந்துவிடும். ஞானஸ்நானம் எடுத்தவர் என்ன இழந்தார் என்று சொல்வார்கள். அவர் மனைவியை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? ராதாவை யாரும் கேட்கவில்லை. பிறந்த வீடு, உறவு, ஜாதி என்று அவளுக்குத் தெரிந்த உலகம் முழுவதும் ஒரே நாளில் கதவைச் சாத்துகிறது. அழுதுகொண்டேதான் புருஷன் வீட்டுக்கு வருகிறாள், வந்த பிறகும் தன் ஆசாரத்தை விடாமல் ஒதுங்கியே இருக்கிறாள். அவள் மனம் திரும்புவது மெல்ல, வருஷக் கணக்கில். விசுவாசத்தில் உறுதியாக இருந்த ஒரு மகள், தன் அம்மாவின் கண்ணீரைச் சாட்சிக்காக மறைக்காமல் எழுதியிருக்கிறாள். இரண்டு முறை மூடி வைத்துவிட்டுத்தான் மேலே படிக்க முடிந்தது. என் பாட்டியும் புருஷன் பின்னால் சபைக்கு வந்தவள். சாகும் வரை வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிப்பதை விடவில்லை. ஏன் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

சகுணாவின் அண்ணன் பாஸ்கர்தான் அவளுக்குப் புத்தகங்களின் மேல் ஆசையை ஊட்டுகிறான். அவன் சாகிற இடம் கனமானது. மிஷனெரிகளின் அன்பையும் எழுதுகிறார், நிறம் பார்த்துத் தள்ளி வைக்கும் சிலரின் போக்கையும் எழுதுகிறார். 1880-களில், மிஷன் கல்லூரி இதழிலேயே இதை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

நான் சென்னையில் 31 வருஷம் நர்ஸாக வேலை பார்த்தவள். அதனால் மதராஸ் மருத்துவக் கல்லூரி வரும் இடங்களை மெதுவாகப் படித்தேன். அந்தக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தது 1875-ல். முதலில் சேர்ந்தவர்கள் மேரி ஷார்லீப் உட்பட நான்கு பேர். மூன்றே வருஷத்தில், 1878-ல், மராட்டியத்திலிருந்து கிருபாபாய் வந்து சேர்கிறார். இங்கிலாந்தில் படிக்க வாய்ப்பு இருந்தும், உடம்பு தாங்காது என்று அனுப்பவில்லை. இங்கே தங்கியது சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் போதகர் டபிள்யூ. டி. சத்தியநாதன் வீட்டில். முதல் வருஷமே பரிசுகள். அதோடு உடம்பு உடைந்துவிடுகிறது, படிப்பு நின்றுவிடுகிறது. வெளியூரிலிருந்து ஆசையாகப் படிக்க வந்து, முதல் வருஷத்திலேயே நோய் வந்து, தகரப் பெட்டியோடு அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பிய பிள்ளைகளை விடுதியில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டியைத் தூக்க நானும் கை கொடுத்திருக்கிறேன். அதனால் இது எனக்கு வெறும் கதையாக இல்லை.

குறைகள் உண்டு. மலையும் ஓடையும் வந்துவிட்டால் வர்ணனை பக்கம் பக்கமாக நீள்கிறது, அவற்றைத் தள்ளிப் படித்தாலும் நஷ்டமில்லை. இந்துப் பெண்களைப் பற்றிப் பேசும் சில இடங்களில் மேலிருந்து கீழே பார்க்கும் தொனி இருக்கிறது, எனக்கு உறுத்தியது. போதகரின் மகன் சாமுவேலைத்தான் அவர் பின்னாளில் கல்யாணம் செய்துகொண்டார். நாவலிலும் முடிவு கல்யாணம்தான். ஆனால் அம்மாவின் கண்ணீருக்குக் கொடுத்த நிதானத்தை இதற்குக் கொடுக்கவில்லை, அவசரமாக முடிகிறது.

வாங்குகிறவர்கள் எந்தப் பிரதி என்று பார்த்து வாங்குங்கள். நான் முதலில் ஆன்லைனில் வாங்கியது பழைய புத்தகத்தை அப்படியே ஸ்கேன் செய்து அச்சடித்த மலிவுப் பதிப்பு. ஓரங்களில் கறுப்பு நிழல், இரண்டு பக்கம் தலைகீழ், பாஸ்கர் சாகும் அத்தியாயத்தில் ஒரு பக்கமே இல்லை. திருப்பி அனுப்பினால் அதே குறையோடு இன்னொன்று வந்தது. கடைசியில் 1998-ல் சாந்தனி லொக்குகே பதிப்பித்த ஆக்ஸ்ஃபோர்டு வெளியீட்டைப் பழைய புத்தகமாகத் தேடிப் பிடித்தேன். எழுத்து தெளிவு, முன்னுரையும் பயனுள்ளது. பைண்டிங் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது.

1896-லேயே இது தமிழில் வந்திருக்கிறது. அந்த மொழிபெயர்ப்பை யாராவது செம்மையாக மறுபதிப்புச் செய்தால் முதல் பத்துப் பிரதிகள் எனக்கு வேண்டும். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஆங்கிலம் படிக்க வராத அக்காமார் நிறையப் பேர். ராதாவின் பகுதியை மட்டும் நானே தமிழில் சொல்லச் சொல்ல என் பேத்தி நோட்டில் எழுதி வருகிறாள். இதுவரை 22 பக்கம் ஆகியிருக்கிறது.