குழந்தை எக்ஸிமாவுக்கு வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி: யூஸ் பண்ணதுல என் ரிவ்யூ

வாசனையே இல்லாத சாதா வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி அளவுக்கு வேற எந்த மாய்ஸ்சரைசரும் எங்க பாப்பாவோட எக்ஸிமாவுக்கு (தோல் காஞ்சு, செவந்து, அரிக்கற பிரச்சனை) செட் ஆகல. லோஷன்ல தண்ணிதான் அதிகம், போட்ட கொஞ்ச நேரத்துல கன்னம் திரும்ப காஞ்சு சொரசொரன்னு ஆயிடும், சிலது பட்டாலே எரிஞ்சு அழுவா. இதுல தண்ணியே கிடையாது, அதனால கெடாம இருக்க சேக்கற பிரிசர்வேட்டிவும் தேவையில்ல, எரியறதுக்கு காரணமும் கம்மி.

எக்ஸிமால தோலோட மேல் அடுக்கு ஓட்டை விழுந்த கூரை மாதிரி ஆயிடுது, உள்ள இருக்கற ஈரம் வெளிய போயிட்டே இருக்கும், வெளிய இருக்கற சோப்பு, தூசி எல்லாம் உள்ள போய் அரிப்ப கெளப்பும். ஜெல்லி அந்த ஈரத்த உள்ளயே நிறுத்தி வெக்குது, ஆனா நிறுத்த ஈரம்னு ஒண்ணு இருக்கணுமே, அதனால எப்ப தடவறோம்ங்கறதுதான் பாதி வேலை. வெதுவெதுப்பான தண்ணியில 5லேருந்து 10 நிமிஷத்துக்குள்ள குளிப்பாட்டி, துண்டால தேய்க்காம ஒத்தி எடுத்துட்டு, உடம்பு லேசா ஈரமா இருக்கும்போதே 3 நிமிஷத்துக்குள்ள, முடி வளர்ற பக்கமாவே தடவணும். கஞ்சத்தனம் வேணாம், உடம்பு முழுக்க போட்டா வாரத்துக்கு 250 கிராம் கூட ஆகலாம், பெரிய டப்பாவே வாங்குங்க. விரல உள்ள விடாம சுத்தமான ஸ்பூன்ல எடுங்க, இல்லன்னா கிருமி போயிடும்.

குறைன்னா பிசுபிசுப்புதான். டிரஸ், பெட்ஷீட் எல்லாத்துலயும் ஒட்டும். வேர்க்கற நேரத்துல அரிப்பு கூடுச்சு, அப்ப பகல்ல மாய்ஸ்சரைசர் க்ரீம், ராத்திரிக்கு ஜெல்லின்னு மாத்திக்கிட்டோம். தடவின உடனே குழந்தை வழுக்கும், தூக்கும்போது ரொம்ப கவனம். இது ஊறின துணி தீப்பிடிச்சா வேகமா எரியும், துவைச்சாலும் முழுசா போகாது, அதனால அடுப்பு, விளக்கு, சிகரெட் பக்கமே கொண்டு போகாதீங்க.

ஆனா இது மருந்து இல்லங்க. செவப்பு ஏறி அரிப்புல ராத்திரியெல்லாம் குழந்தை தூங்காம கெடக்கும்போது ஜெல்லிய மட்டும் மேல மேல தடவி பிரயோஜனமில்ல, டாக்டர் எழுதிக் குடுக்கற ஸ்டீராய்டு க்ரீம் வேணும். ஸ்டீராய்டுன்னதும் பயந்துபோய் நெறைய பேர் போடறதே இல்ல, கஷ்டப்படறது குழந்தைதான். ஹைட்ரோகார்டிசோன்ங்கற மைல்டான ஸ்டீராய்டு க்ரீம டாக்டர் சொன்ன அளவுல, சொன்ன நாள் வரைக்கும் போட்டா பயப்பட ஒண்ணுமில்ல. ஜெல்லி, ஸ்டீராய்டு க்ரீம் ரெண்டையும் ஒண்ணா கலக்காம நடுவுல 20 நிமிஷமாவது விடுங்க. மஞ்சளா பொருக்கு கட்டி நீர் வடிஞ்சாலோ, காய்ச்சல் வந்தாலோ, கொத்து கொத்தா கொப்புளம் வந்தாலோ காத்திருக்காம அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

இதுக்கு பதிலா ஆலிவ் ஆயில் தடவலாமான்னு கேக்கறாங்க, வேணாம், அது தோலோட தடுப்பையே பலவீனமாக்கிடும். வாங்கும்போது மேல 'பேபி'ன்னு போட்டிருக்குன்னு நம்பி எடுத்துடாதீங்க, அதுலயும் வாசனை சேக்கறாங்க. 'அன்சென்ட்டட்' கூட பத்தாது, ஒரு வாசனைய மறைக்க இன்னொண்ணு போட்டிருக்கலாம், 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ'ன்னே இருக்கணும். டப்பாவ திருப்பி என்னென்ன சேத்திருக்காங்கன்னு பாருங்க, பெட்ரோலியம் ஜெல்லி தவிர வேற பேரே இருக்கக்கூடாது.